குழந்தைப்பேறு சிகிச்சையில் வலி: பொறுப்பதா, சொல்வதா?

குழந்தைக்காகச் சிகிச்சைக்குப் போகும் குடும்பங்களில் பெரும்பாலும் மூன்று கேள்விகள்தான் பேசப்படும். எவ்வளவு செலவாகும்? எத்தனை முறையில் தங்கும்? மார்க்கத்தில் இதற்கு அனுமதி உண்டா? நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. எவ்வளவு வலிக்கும், அந்த வலிக்கு என்ன தருவார்கள்? இதைக் கேட்கப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கோ கேட்க வேண்டும் என்றே தோன்றுவதில்லை.

காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வாழும் நம் குடும்பங்களுக்கு இன்னொரு சிரமமும் உண்டு. துறைமுகம், கப்பல் கட்டும் தளம், அனல்மின் நிலையம் என்று ஆண்களுக்கு ஷிப்ட் வேலை. கருத்தரிப்பு மையங்களோ பெரும்பாலும் நகரத்துக்குள் இருக்கின்றன. லீவு கிடைக்காத நாளில் மனைவி தன் தாயாருடனோ தனியாகவோ போய் வருகிறார். உள்ளே என்ன நடந்தது, எவ்வளவு வலித்தது என்பது அவரோடு நின்றுவிடுகிறது. "இதற்கே இப்படி என்றால் பிரசவத்தை எப்படித் தாங்குவாய்?" என்ற ஒரு கேள்வி வந்தால், அடுத்த முறை அவர் வாயே திறக்க மாட்டார்.

வலியைக் குறைக்க இன்று வழிகள் இருக்கின்றன. அவை எவை, ஏன் சில நேரம் போதாமல் போகின்றன, போதாதபோது என்ன செய்வது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம். எந்த மருந்து, எந்த அளவு என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எந்த இடத்தில் வலி வரும்?

கருக்குழாய் எக்ஸ்ரே: ஹெச்.எஸ்.ஜி. என்று எழுதித் தருவார்கள். மாதவிடாய் நின்ற சில நாட்களுக்குள் எடுப்பார்கள். கர்ப்பப்பை வாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சாயமருந்தை ஏற்றிப் படம் பிடிப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். சாயமருந்து ஏறும்போது மாதவிடாய் வலி போலப் பிடித்து இழுக்கும். சிலருக்கு லேசாக இருக்கும், சிலருக்குத் தாங்க முடியாத அளவுக்கு வரும். குழாயில் அடைப்பு இருந்தால் வலி கூடலாம். நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்குக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம் என்பதால், முன்பு காசநோய் இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கர்ப்பப்பை உள்நோக்கிப் பரிசோதனை, கர்ப்பப்பைச் சவ்வில் சிறு துண்டு எடுத்தல்: இவற்றைச் சில இடங்களில் மயக்கம் கொடுத்தும், சில இடங்களில் மயக்கம் இல்லாமலும் செய்கிறார்கள். எந்த முறை என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கருமுட்டை எடுத்தல்: ஐ.வி.எஃப். சிகிச்சையில் அதிகம் வலிக்கக்கூடிய கட்டம் இதுதான். ஏறக்குறைய பத்து நாட்கள் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, கடைசியாக ஒரு 'டிரிக்கர்' ஊசி போடுவார்கள். அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் ஸ்கேன் பார்த்தபடி, பிறப்புறுப்பு வழியாக ஊசியைச் செலுத்தி, இரு பக்கச் சினைப்பைகளிலிருந்தும் முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். வழக்கமாக அரை மணி நேரத்துக்குள் முடியும்.

கருவைக் கர்ப்பப்பையில் வைத்தல்: பெரும்பாலோருக்கு மயக்க மருந்து தேவைப்படாது. சிறுநீர்ப்பை நிறைந்திருப்பதால் வரும் அவஸ்தைதான் அதிகம். அதன்பின் இடுப்பில் போடும் எண்ணெய் கலந்த புரோஜெஸ்டிரோன் ஊசி சிலருக்குக் கட்டிப்போய் வலிக்கும். மாத்திரையாகவோ, உள்ளே வைக்கும் மருந்தாகவோ மாற்ற முடியுமா என்று கேட்கலாம்.

என்ன வலி நிவாரணம் உண்டு?

ஹெச்.எஸ்.ஜி. போன்ற சிறு பரிசோதனைகளுக்குச் சற்று நேரம் முன்பே வலி மாத்திரை தரும் வழக்கம் உண்டு. எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதை டாக்டரே எழுதித் தர வேண்டும். மாதவிடாய் வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மெஃப்தால், புரூஃபன் வகைகளை நாமாகப் போடக் கூடாது. ஆஸ்துமாவும் வயிற்றுப்புண்ணும் உள்ளவர்களுக்கு அவை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சிகிச்சையின் சில கட்டங்களில் டாக்டர்களே அவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

கருமுட்டை எடுக்கும்போது நரம்பு வழியாக மயக்க மருந்தும் வலி மருந்தும் தருவார்கள். புரோபோஃபோல், மிடசோலம், ஃபென்டனைல் போன்ற பெயர்களைக் கேஸ் ஷீட்டில் பார்க்கலாம். கர்ப்பப்பை வாயைச் சுற்றி லிக்னோகெய்ன் ஊசி போட்டு அந்த இடத்தை மரக்கச் செய்வதும் உண்டு. சில இடங்களில் முழு மயக்கம் தருகிறார்கள், அபூர்வமாக முதுகுத்தண்டில் ஊசி போடுகிறார்கள். பிரிட்டனின் அரசு வழிகாட்டு நெறிகள், கருமுட்டை எடுக்கும் பெண்களுக்கு நினைவு தப்பாத அளவிலான மயக்கம் தர முன்வர வேண்டும் என்கின்றன. 24 ஆய்வுகளில் பங்கேற்ற 3,160 பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2018ல் வெளியான காக்ரேன் ஆய்வறிக்கை, எந்த ஒரு முறையும் மற்றதைவிடச் சிறந்தது என்று சொல்ல முடியாது என்றது. ஆனால் மயக்க மருந்தோடு இன்னொரு முறையையும் சேர்த்தால் வலி மேலும் குறைகிறது என்பதை அது காட்டியது. ஆகவே ஒன்று போதவில்லை என்றால் இன்னொன்றைச் சேர்க்கலாமா என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

"மயக்க மருந்து கொடுத்தால் முட்டை கெட்டுவிடும்" என்ற பேச்சு குடும்பங்களில் உலவுகிறது. குறுகிய நேரத்துக்கு வழக்கமான அளவில் தரும் மருந்தால் அப்படி ஆகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

ஏன் போதாமல் போகிறது?

முதல் காரணம், யார் பொறுப்பு என்ற குழப்பம். ஹெச்.எஸ்.ஜி. எழுதித் தருபவர் ஒரு டாக்டர், எடுப்பது வேறொரு எக்ஸ்ரே மையம். மாத்திரையை அவர் சொல்லியிருப்பார் என்று இவரும், இவர் தருவார் என்று அவரும் இருந்துவிட்டால், நடுவில் பெண் வெறும் வயிற்றோடும் வலியோடும் படுத்திருப்பார்.

இரண்டாவது, நேரம். மாத்திரை வேலை செய்யவும், மரக்கும் ஊசி பிடிக்கவும் சிறிது நேரம் வேண்டும். ஒரே காலையில் பலருக்குச் செய்ய வேண்டிய அவசரத்தில் அந்தச் சில நிமிடங்கள் கிடைக்காமல் போகலாம்.

மூன்றாவது, உடலுக்கு உடல் உள்ள வேறுபாடு. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கும், முன்பு வயிற்றில் அறுவை செய்து உள்ளே ஒட்டுதல் உள்ளவர்களுக்கும் வலி கூடுதலாக இருக்கலாம். மற்றவருக்குப் போதுமான அளவு மருந்து இவர்களுக்குப் போதாது.

நான்காவது, பாதுகாப்பு. மயக்கம் ஆழமாகும்போது மூச்சு குறையலாம். அதனால் டாக்டர்கள் அளவோடு தருகிறார்கள், அது சரியே. மயக்கவியல் டாக்டர் ஒருவர் பக்கத்தில் இருந்து மூச்சையும் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவையும் கவனித்தால், தேவைப்படும்போது அளவைக் கூட்டவும் குறைக்கவும் அவரால் முடியும்.

ஐந்தாவது, பெண் சொல்வதை நம்பாமல் விடுவது. இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகறிந்த ஒரு வழக்கு இருக்கிறது.

யேல் வழக்கு சொல்லும் பாடம்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான கருத்தரிப்பு மையம் இருந்தது. 2020ஆம் ஆண்டு அங்கே கருமுட்டை எடுக்கப் படுத்த பல பெண்கள் கடுமையான வலியை உணர்ந்தார்கள். சிலர் அப்போதே சொன்னார்கள். கொடுக்கக்கூடிய அளவு மருந்தைக் கொடுத்தாயிற்று என்ற பதிலே தங்களுக்குக் கிடைத்தது என்று பின்னர் சிலர் கூறினர். சிலர், தங்கள் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அமைதியாக வீடு திரும்பினர்.

நடந்தது வேறு. அங்கு பணியாற்றிய செவிலியர் ஒருவர் போதைப் பழக்கத்துக்கு ஆளாகி, ஃபென்டனைல் குப்பிகளிலிருந்து மருந்தை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு உப்புநீரை நிரப்பி வைத்திருந்தார். 2020 ஜூன் முதல் அக்டோபர் வரை அம்மையத்தில் நோயாளிகளுக்குத் தரப்பட்ட ஃபென்டனைலில் ஏறக்குறைய 75 சதவீதம் இப்படிக் கலப்படம் செய்யப்பட்டது என்று அமெரிக்க அரசு வழக்கறிஞர் அலுவலகம் தெரிவித்தது. சில குப்பிகளில் இருந்தது வெறும் உப்புநீர்தான். ஒரு குப்பியின் மூடி தளர்ந்திருந்ததை ஒருவர் கவனித்த பிறகே விஷயம் வெளிவந்தது. 2021 மார்ச்சில் அந்தச் செவிலியர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மே மாதம் நான்கு வார இறுதிகள் சிறை, மூன்று மாதம் வீட்டுக்காவல், மூன்று ஆண்டு கண்காணிப்பு என்று தீர்ப்பானது. மருந்துக் கட்டுப்பாட்டு விதிகளை மீறியதாக எழுந்த புகாரைத் தீர்க்கப் பல்கலைக்கழகம் 2022ல் 3,08,250 டாலர் செலுத்தியது. பாதிக்கப்பட்ட பெண்கள் தனியே வழக்குத் தொடர்ந்தனர். 2023ல் அவர்கள் கதை ஒரு ஒலித்தொடராக உலகம் முழுவதும் கேட்கப்பட்டது.

நம் ஊர் மையங்களில் இப்படி நடக்கிறது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஃபென்டனைல் போன்ற மருந்துகள் நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றை வைத்திருக்க அனுமதியும் கணக்கும் வேண்டும். நாம் கவனிக்க வேண்டிய பாடம் வேறு. மாதக்கணக்கில் பெண்கள் "வலிக்கிறது" என்று சொன்னார்கள். அந்த வார்த்தைகளை ஒருவர் எழுதி, ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால், மூடி தளரும்வரை காத்திருக்க வேண்டியிருக்காது. ஒரு பெண் தன் வலியைச் சொல்வது தனக்காக மட்டுமன்று. மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு அதுவே முதல் தகவல். அடுத்து வரும் பெண்ணுக்கும் அது பாதுகாப்பு.

முன்பே கேட்க வேண்டிய கேள்விகள்

டிரிக்கர் ஊசி போடும் நாளுக்கு முன்பே இவற்றைக் கேட்டுவிடுவது நல்லது. முட்டை எடுக்கும் நேரத்தை அடுத்த நாளுக்குத் தள்ள முடியாது. அந்தப் பயத்தில்தான் பல பெண்கள் மேசையில் வாய் திறப்பதில்லை.

1. எனக்கு எந்த வகை மயக்கம் தருவீர்கள்? நான் முழுதாகத் தூங்குவேனா, அரை மயக்கத்தில் இருப்பேனா?

2. மயக்க மருந்தைத் தருவது யார்? மயக்கவியல் டாக்டர் அறையிலேயே இருப்பாரா?

3. நடுவில் வலித்தால் நான் எப்படிச் சொல்ல வேண்டும்? சொன்னால் என்ன செய்வீர்கள்?

4. ஹெச்.எஸ்.ஜி.க்கு முன் மாத்திரை உண்டா? யார் தருவார்கள்?

5. மயக்கத்துக்கான கட்டணம் பேக்கேஜில் சேர்ந்ததா, தனியா?

6. வீட்டுக்குப் போனபின் வலித்தால் இரவில் யாரை அழைப்பது?

பெண் டாக்டர், பெண் செவிலியர் வேண்டும் என்றால் அதையும் அப்போதே கேளுங்கள். மயக்கவியல் டாக்டர் ஆணாக இருந்தால், உடலை எப்படி மூடி வைப்பார்கள், அறையில் பெண் உதவியாளர் இருப்பாரா என்று கேட்கலாம். ஆண் டாக்டர் வருவார் என்ற கூச்சத்தில் மயக்கமே வேண்டாம் என்று சொல்லிவிடும் சகோதரிகளும் உண்டு. அப்படி ஒதுக்கத் தேவையில்லை, பேசினால் வழி கிடைக்கும்.

நம் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியவையும் உண்டு. ஆஸ்துமா, தூக்கத்தில் மூச்சடைப்பு, மருந்து ஒவ்வாமை, தினமும் எடுக்கும் மாத்திரைகள், முன்பு மயக்கத்தில் ஏற்பட்ட தொல்லை ஆகிய எதையும் மறைக்கக் கூடாது. சொன்ன நேரத்துக்குப் பின் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். மயக்கத்தில் உணவு நுரையீரலுக்குள் போவது உயிருக்கே ஆபத்து.

மேசையில் வலித்தால்

"வலிக்கிறது, நிறுத்துங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். 0 முதல் 10 வரை ஒரு எண்ணாகச் சொல்வது இன்னும் நல்லது. "எட்டு" என்றால் அதை யாரும் "கொஞ்சம் அசௌகரியம்" என்று எழுத முடியாது. பேச முடியாத நிலை வந்தால் கையைத் தூக்குவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கூட்டுவதற்காகச் சில நிமிடங்கள் நிறுத்துவதால் முட்டைகள் வீணாகிவிடாது. ஹெச்.எஸ்.ஜி. என்றால் வேண்டாம் என்று அன்றைக்கு நிறுத்தி, மருந்தோடு வேறொரு நாளில் செய்துகொள்ளவும் முடியும்.

மயக்கத்தில் இருந்ததால் சிலருக்கு நடந்தது நினைவில் இருக்காது. அலறியிருப்பார்கள், ஆனால் ஞாபகம் வராது. எனவே வெளியே வந்ததும் கணவரோ தாயாரோ செவிலியரிடம், "உள்ளே வலி என்று சொன்னாரா?" என்று கேட்டுவிடுவது நல்லது. சொல்லியிருந்தால் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை மருந்தை மாற்ற அதுவே ஆதாரம்.

வீடு திரும்பும்போது

மயக்கம் கொடுத்த அன்று தனியாகத் திரும்பக் கூடாது. பைக்கின் பின்னால் உட்கார்ந்தும் வரக் கூடாது. நகரத்திலிருந்து எண்ணூர் வழியாகவோ மீஞ்சூர் வழியாகவோ காட்டுப்பள்ளி வருவது, கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாளில் எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது. முடிந்தால் அன்று இரவு நகரத்தில் உறவினர் வீட்டில் தங்குங்கள். முடியாவிட்டால் காருக்கு ஏற்பாடு செய்து, வழிக்கான வலி மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். கணவர் ஷிப்ட் மாற்றிக்கொள்ள வேண்டிய ஒரு நாள் உண்டென்றால் அது இந்த நாள்தான்.

முட்டை எடுத்தபின் ஓரிரு நாள் அடிவயிற்றில் இழுப்பும் சிறிது இரத்தக்கசிவும் இருக்கலாம். ஆனால் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, வயிறு உப்பிக்கொண்டு வருவது, மூச்சுத் திணறல், தொடர் வாந்தி, சிறுநீர் குறைவது, காய்ச்சல், மயங்கி விழுவது, அதிக இரத்தப்போக்கு ஆகியவை அபாய அறிகுறிகள். உள்ளே இரத்தம் கசிவது, தொற்று, சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படுவது ஆகியவற்றின் அடையாளமாக இவை இருக்கலாம். "பொறுத்துப் பார்ப்போம்" என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். மையத்தை அழையுங்கள். அவர்கள் எடுக்காவிட்டால் 108 ஆம்புலன்ஸ். பொன்னேரி அரசு மருத்துவமனை, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை ஆகியவை நம் பக்கத்தில் உள்ளன. சிகிச்சைக் காகிதங்களைக் கையோடு கொண்டு போங்கள்.

சட்டம் தரும் உரிமை

கருத்தரிப்பு மையங்களை முறைப்படுத்தும் சட்டம் 2021ல் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவு பெறாத மையம் இச்சிகிச்சையைச் செய்யக் கூடாது. எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் சிகிச்சை செய்யக் கூடாது. ஒவ்வொரு மையத்திலும் குறைதீர்க்கும் பிரிவு இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. கையெழுத்திடும் படிவத்தில் மயக்க மருந்து பற்றிய பகுதியைப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.

வலி கவனிக்கப்படவில்லை என்று தோன்றினால், முதலில் அந்த மையத்தின் குறைதீர்க்கும் பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. டாக்டரின் நடத்தை பற்றிய புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலை அணுகலாம். இழப்பீடு கேட்பதென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எல்லாவற்றுக்கும் வழக்குத் தேவையில்லை. பல நேரங்களில் ஒரு பக்கக் கடிதமே அடுத்த பெண்ணுக்கு மாத்திரை கிடைக்கச் செய்துவிடும்.

பொறுமை என்பது எது?

கணவன் மனைவிக்குள், மூன்றாமவர் விந்தோ முட்டையோ கலக்காமல் செய்யப்படும் ஐ.வி.எஃப். சிகிச்சையை 1986ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தேவையின் நிமித்தம் அனுமதித்தது. மருத்துவம் செய்துகொள்வது ஆகுமானதென்றால், அதன் வலியைக் குறைக்கும் மருந்தும் அதில் அடங்கியதே. பொறுமை என்பது நம் கையில் இல்லாத ஒன்றின் முன் மனம் தளராமல் நிற்பது. குழந்தை எப்போது என்ற காத்திருப்பில் நம் சகோதரிகள் அதை ஆண்டுக்கணக்கில் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்து அவர்கள் மீது சுமத்த வேண்டாம்.

கணவர்மார்களுக்கும் மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை. சிகிச்சை முடிந்து வருபவரிடம் "எத்தனை முட்டை கிடைத்தது?" என்று கேட்பதற்கு முன், "வலித்ததா?" என்று கேளுங்கள். அவர் ஆம் என்று சொன்னால் நம்புங்கள், எழுதி வையுங்கள், அடுத்த முறை டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

குழந்தைச் செல்வத்துக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அல்லாஹ் தன் அருளைப் பொழிவானாக. அந்தப் பாதையை அவர்களுக்கு இலேசாக்கி வைப்பானாக.